காய்க்காத ஹாலிச் செடி

என் மூத்த மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, குன்னூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் சலேத்மேரி சொன்ன கதை இது.

மலைக்காட்டை ஒட்டிய ஒரு வீட்டுத் தோட்டத்தில், கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வைப்பார்களே, அந்த ஹாலிச் செடிகள் இரண்டு நின்றன. இலை ஓரமெல்லாம் முள். எந்தக் குளிரிலும் பச்சை மாறாது. பனியில் மற்றச் செடிகள் கருகிக் கிடக்கும்போது, ஒரு ஹாலி மட்டும் செக்கச்செவேலென்று பழுத்து நிற்கும். மற்றதில் பேருக்குக்கூட ஒரு பழம் இருக்காது.

பழுக்கிற செடியில்தான் கொண்டைக்குருவி குடும்பம் நடத்தினாள். பனிக்காலத்தில் அவள் குஞ்சுகளுக்கு அந்தப் பழம்தான் சாப்பாடு. காய்க்காத செடியைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பூக்கத் தெரிகிறது, காய்க்கத் தெரியவில்லையா? மலட்டு ஜென்மம்! எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறாய்?"

செடி என்ன பேசும்? பக்கத்தில் பறந்த தேனீதான், "அக்கா, அதைத் திட்டாதீர்கள். அது வந்து..." என்று ஆரம்பித்தது.

"நீ உன் வேலையைப் பார்!"

தினமும் இதே பேச்சு. கடைசியில் பொறுக்க முடியாமல் முள்ளம்பன்றியைக் கூப்பிட்டாள். "தம்பி, இந்தத் தண்டச்சோற்றைத் தின்று தீர்த்துவிடு!"

முள்ளம்பன்றிக்குக் கசக்குமா? அடிக்கட்டை மட்டும் மிஞ்சும்படி கடித்துச் சாய்த்துவிட்டது.

அடுத்த முறை பழச்செடி வழக்கம்போல் பூத்தது. பூவெல்லாம் சும்மா உதிர்ந்தது. பனியும் வந்தது. ஒரு பழம் இல்லை. குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கத்தின.

"இந்தச் செடிக்கு என்ன கேடு! தேனீக்களெல்லாம் தூங்குகின்றனவா?"

தேனீக்கும் பொறுமை போய்விட்டது. "என்னை ஏன் ஏசுகிறீர்கள்? நீங்கள் மலடு மலடு என்றீர்களே, அது ஆண் செடி அக்கா! அதன் பூந்தூளைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் இது காய்க்கும்!"

"கடவுளே! இதை முன்னாலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா!"

தேனீ தன் வேலையைப் பார்க்கப் பறந்துவிட்டது.

குருவி பள்ளத்தாக்கு முழுக்க அலைந்து இரை தேடினாள். கிடைத்தது போதவில்லை. கடைக்குட்டி அந்தப் பனியைத் தாண்டவில்லை.

பங்குனியில் அடிக்கட்டை துளிர்த்தது. முள்ளம்பன்றி முகர்ந்துகொண்டே வந்தது. "அக்கா, தண்டச்சோறு மறுபடி முளைத்துவிட்டதே, தின்னட்டுமா?"

"வாயை வைத்தால் கண்ணைக் கொத்திவிடுவேன்!"

"நீங்கள்தானே தின்னச் சொன்னீர்கள்!" என்று முணுமுணுத்துக்கொண்டு அது திரும்பியது. குருவி துளிரை விட்டு நகரவில்லை. அது வளர்ந்து பூக்க இன்னும் எத்தனை பனி பார்க்க வேண்டுமோ!

ஒன்றின் பயன் நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அது பயனற்றதாகிவிடாது. உங்கள் வீட்டில் காய்க்காத செடி ஏதாவது நின்றால், வெட்டுமுன் அதைப் பற்றித் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.