எட்டொன்றாய்க் காய்ச்சு

"டீச்சர், ஒண்ணுமில்லாததுக்கும் கீழ போனா அங்க என்ன இருக்கும்?" என்று கேட்டார் சீடர்.

"யாரு போனா அண்ணாச்சி?" என்றார் குரு.

"இந்த ரெண்டுதான் போயிட்டு."

சீடர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். 2⁻³ = −8 என்று எழுதி, அடித்து, −6 என்று மாற்றியிருந்தார். குரு இரண்டு விடைகளின் மேலும் சிவப்புக் கோடு போட்டார்.

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. குருவின் பெயரிலேயே குரு இருந்தது: குருவம்மாள், நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். சீடர் மாடக்கண்ணு, மலையடிவாரத்து வைத்தியசாலையில் முப்பது வருஷமாகக் கஷாயம் காய்ச்சுகிறவர். ஞானம் தேடிச் சீடர்கள் மலையேறிய கதை நிறைய உண்டு. இங்கே குருதான் சனிக்கிழமைதோறும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவார்.

கஷாயக்கூடத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும், அவர் எட்டாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மாடக்கண்ணு தனித்தேர்வு எழுதினார். தமிழில் எழுபது, கணக்கில் பதினொன்று. மறுபடி எழுதினார். கணக்கில் பதினான்கு. மூன்றாவது தேர்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. இதிலும் கோட்டை விட்டால் வெளியூரிலிருந்து சான்றிதழோடு ஒருவர் வந்துவிடுவார். அவருக்கு மாடக்கண்ணு விறகு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"மைனஸ்னா கொறையுதுன்னுதான டீச்சர் அர்த்தம்?"

"ஆமா."

"கொறைஞ்சா பூஜ்யத்துக்குக் கீழதான போகும்?"

குரு அடுப்பைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன காய்ச்சுதீங்க?"

"சளிக்கு. ஆடாதோடை."

"எப்படிக் காய்ச்சணும்?"

"எட்டொன்றாய்." இதைச் சொல்லும்போது சீடர் நிமிர்ந்து நின்றார். "எட்டுப் பங்கு தண்ணி ஒரு பங்கா வத்தணும்."

"காய்ச்சுங்க."

"அப்போ கணக்கு?"

"காய்ச்சுங்க அண்ணாச்சி."

குரு ஒரு ஓலைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

சீடருக்கு எரிச்சல். ஒன்பது நாளில் ஒரு நாள் புகையோடு போகிறதே என்று முணுமுணுத்தபடி அண்டா நிறையத் தண்ணீரை ஊற்றி, இலையைப் போட்டார். ஒரு மூங்கில் குச்சியை உள்ளே நிறுத்தி எடுத்தார். நனைந்த நீளத்துக்கு ஒரு நூலை அளந்து, நூலை மடித்து, குச்சியில் கத்தியால் ஒரு வெட்டு வைத்தார். மறுபடி மடித்து இன்னொரு வெட்டு. மறுபடி மடித்து மூன்றாவது வெட்டு. எந்த எண்ணையும் அவர் வாயால் சொல்லவில்லை.

தண்ணீர் முதல் வெட்டுக்கு வந்தபோது குரு சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்தார். இரண்டாவது வெட்டுக்கு இன்னொரு கோடு. பசி எடுக்கும் நேரத்தில் மூன்றாவது கோடும் விழுந்தது.

"எத்தனை தடவை பாதியாச்சு?"

"மூணு."

"கூடிச்சா, கொறைஞ்சிச்சா?"

"கொறைஞ்சிச்சு."

"அப்போ ஒண்ணுமில்லாததுக்கும் கீழ போயிருக்கும். அண்டாவைக் கழுவிக் கவுத்திருவோமா?"

சீடருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன பேச்சு டீச்சர் பேசுதீங்க? சட்டியில இல்லாம அகப்பையில எப்படி வரும்? இந்தா பாருங்க!" அகப்பையில் மொண்டு தூக்கிக் காட்டினார். "முழுசா அரைக்கால் அண்டா நிக்கி!"

"அரைக்கால்னா?"

"கால்ல பாதி. எட்டுல ஒண்..."

அகப்பை அந்தரத்தில் நின்றது.

கஷாயம் அடுப்பில் சொட்டிச் சொட்டிச் சீறியது. குரு பேனாவை நீட்டினார்.

சீடர் அகப்பையை வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். மைனஸ் எட்டை மறுபடியும் அடித்தார். மைனஸ் ஆறையும் அடித்தார். 2⁻³ = ⅛ என்று எழுதினார். பிறகு அந்தக் கூடமே அதிரக் கத்தினார்.

"அந்த மைனஸு தண்ணிக்கு இல்ல டீச்சர்! அது அடுப்புக்கு!"

"அப்போ மைனஸ் இல்லாத மூணு?"

"ரெண்டு மடங்கா ஊத்து, மூணு தடவை. எட்டு அண்டா."

"அடுக்கு பூஜ்யம்னா?"

"ஊத்தவும் இல்ல, பத்த வைக்கவும் இல்ல. ஒரு அண்டா அப்படியே நிக்கும். ஒண்ணு!"

குருவுக்குப் புல்லரித்தது. பூஜ்ய அடுக்குக்கு விடை ஒன்று என்று ஆறு வருஷமாகப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தவர் அவர். ஏன் ஒன்று என்று யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

"3⁻²?"

"மூணுல ஒண்ணாக் காய்ச்சு. அதையும் மூணுல ஒண்ணாக் காய்ச்சு. ஒம்பதுல ஒண்ணு."

"2⁻³ பெருக்கல் 2⁵?"

சீடர் கண்ணை மூடினார். "மூணு காய்ச்சு, அஞ்சு ஊத்து. மூணுக்கு மூணு சரியாப் போச்சு. ரெண்டு ஊத்து மிச்சம். நாலு. என்ன டீச்சர், இவ்வளவுதானா? இதுக்காய்யா ரெண்டு வருஷம் என்னை அழ வச்சாங்க?"

அன்று இருவரும் சோற்றைப் பிசைந்தபடியே பதினேழு கணக்குப் போட்டார்கள். பதினேழும் சரி.

தேர்வு நாள் வந்தது. வினாத்தாளில் ஒரு கேள்வி: 2⁻⁶ × 2⁴, சுருக்குக.

மாடக்கண்ணு பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன பெரியவரே, கணக்கு வரலையா? தூக்கமா?"

"சத்தம் போடாதீங்க சார். இன்னும் ஒரு பாதி வத்தணும்."

வற்றியது. கண்ணைத் திறந்து 'கால்' என்று எழுதினார். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் ¼ என்றும் போட்டார்.

முடிவு வந்த அன்று குரு பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார். மேட்டில் இறங்கித் தள்ளக்கூட இல்லை. கஷாயக்கூடத்து வாசலில் சீடர் இடுப்பில் கைவைத்து நின்றார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"கணக்குல எவ்வளவு அண்ணாச்சி? சீக்கிரம் சொல்லுங்க!"

"நூத்துல ஒரு பங்கு போயிட்டு டீச்சர்."

"எவ்வளவு பங்கு?"

"இரண்டின் அடுக்கு மைனஸ் ரெண்டு."

குரு ஒரு நொடி யோசித்தார். பிறகு சைக்கிளை அப்படியே கீழே போட்டார்.

"கால் பங்கு போக, எழுபத்தஞ்சா!"