பனங்குற்றி கிடந்த ஒழுங்கை

வன்னியில், நாவலடிக்குளம் என்கிற ஊரில், ஆட்களைச் சைக்கிளில் ஊர் சுற்றிக் காட்டுகிற ஒரு ரீச்சர் இருந்தார். பெயர் செந்தூரி. வயது நாற்பது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் படிப்பித்துக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டுக் கொஞ்சச் சைக்கிள்களை வாங்கிச் சந்தியில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டார். வெளியூர்க்காரர் வருவார்கள். அவர்களைக் குளக்கட்டாலும் வயல் ஓரத்தாலும் மெல்ல மெல்லக் கூட்டிப்போய், வெயில் சாயும்போது கொண்டுவந்து சேர்ப்பார்.

அவரிடம் இந்தத் தொழிலைப் பழக வந்த தவராசாவுக்கு ரீச்சரைவிடப் பதினெட்டு வயது கூட. சுவிஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் காலமெல்லாம் நின்றுவிட்டு ஊர் திரும்பியவர். இங்கே போர் உச்சத்தில் இருந்த மாதங்களில் அவர் அங்கே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அழுவதற்கு அது வசதியாகப் போயிற்று. ஏன் கண் சிவந்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

வந்த அன்றைக்கே அவர் கேட்டார்.

"பாதை காட்டுற ஆளுக்கு முக்கியமா என்ன தெரிஞ்சிருக்கோணும், ரீச்சர்?"

ரீச்சர் காற்றடிக்கிற பம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எல்லாருக்கும் பின்னால வாங்கோ, அண்ணை."

தவராசா பின்னால் வந்தார். யாருக்கு முழங்கால் நோகிறது, யார் தண்ணீர் கொண்டுவரவில்லை, யார் களைத்தும் களைக்காத மாதிரி நடிக்கிறார் என்பதெல்லாம் பின்னால் வந்ததில் தெரிந்தது. ஆனால் மனம் ஆறவில்லை. பற்றைக்குள் துருப்பிடித்துக் கிடக்கும் இரும்பைத் தாண்டிப் போவார்கள். கூரை இல்லாத வீடுகளைத் தாண்டிப் போவார்கள். ரீச்சர் கொக்கைக் காட்டுவார், நெல்லின் இனம் சொல்லுவார். யாராவது கேட்டால்தான், "ஓம், இஞ்சையும் சண்டை நடந்தது" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

இந்த மண்ணில் நடந்ததைச் சொல்ல ஆள் இல்லையே என்று தவராசா நினைத்தார். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக் கதையையும் கேட்டுச் சேர்த்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரீச்சருக்குக் காய்ச்சல். தவராசாதான் ஆட்களைக் கூட்டிப்போனார். குளத்துக்குப் போகிற ஒடுங்கின ஒழுங்கையில், முன்சுவரில் ஆள் தலை அளவு ஓட்டை விழுந்த வீடு ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் எல்லாரையும் நிறுத்தினார். போரின் கடைசி நாட்களில் இந்த வளவில் ஷெல் விழுந்ததையும், தகப்பனும் மகனும் ஒரே இடத்தில் போனதையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் தழுதழுத்தது. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவர் கிட்டப் போய்ப் போனை அந்த ஓட்டைக்குள் விட்டுப் படம் எடுத்தார்.

உள்ளே ஒரு பெண் சோறு தின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த கிழமை ஆட்களோடு போனபோது அந்த ஒழுங்கையின் வாயில் ஒரு பனங்குற்றி, வெட்டின பனைமரத்துண்டு, குறுக்கே கிடந்தது. அயலவர்கள் உருட்டிக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சுற்றிப் போவதென்றால் மண் ஏற்றுகிற ரிப்பர் லொறி ஓடுகிற பெரிய ரோட்டு மட்டும்தான். வந்தவர்கள் அந்தப் புழுதியில் அரை வழி போய்த் திரும்பிவிட்டார்கள். குளத்தடியில் அவர்களுக்காகச் சமைத்து வைத்திருந்த பெண்கள் சோற்றுப் பானையோடு காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ரீச்சர் தவராசாவைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு விடிய வெள்ளண வாங்கோ. அந்த வீட்டுக்கு ரெண்டு பேருமாப் போவம்" என்றார்.

தவராசா ஒரு சொக்லேற் பெட்டியோடு வந்தார்.

"மன்னிப்புக் கேட்டிட்டு இதைக் குடுக்கிறன். ஒரு மேசனையும் பிடிச்சு, அந்தச் சுவரைப் பூசிக் குடுக்கிறன், ரீச்சர்."

"சுவர் ஆரின்ர?"

"அவவின்ர."

"அப்ப விடுங்கோ. பெட்டியையும் இஞ்ச வைச்சிட்டு வாங்கோ."

பனங்குற்றிக்கு மேலால் சைக்கிள்களைத் தூக்கிக் கடந்து போனார்கள். வீட்டுக்காரி பரமேசு பின்வளவில் கச்சான் பாத்திக்குள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிலக்கடலையைத்தான் அந்தப் பக்கத்தில் கச்சான் என்பார்கள். செடி விரல் உயரத்துக்கு வந்திருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ரீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு அடுத்த பாத்தியில் குந்தினார். தவராசா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் குந்தினார்.

வெயில் ஏறியது. மூன்று பேரும் பிடுங்கினார்கள். மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொற்கள் தவராசாவின் வாய்க்குள்ளேயே காய்ந்தன. பதற்றத்தில் கைக்கு அகப்பட்டதை எல்லாம் இழுத்தார்.

"அது கச்சான்" என்றாள் பரமேசு.

தவராசா கையைப் பார்த்தார். உண்மைதான். பிடுங்கின செடியைத் திரும்ப மண்ணுக்குள் ஊன்றி, சுற்றி அமத்தினார். பரமேசுவின் வாயோரம் ஒரு சிரிப்பு வரப் பார்த்து நின்றுவிட்டது.

கொஞ்சம் பொறுத்து அவள் கேட்டாள்.

"அண்டைக்கு வாசல்ல நிண்டு கதைச்சது நீங்களோ?"

"ஓம்."

"வடிவாச் சொன்னியள். நானே அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன்."

"பிழை விட்டிட்டன், தங்கச்சி."

"நீங்கள் சொன்னதில பிழை இல்லை." அவள் ஒரு புல்லை வேரோடு இழுத்து மண்ணை உதறினாள். "தகப்பனும் மகனும் எண்டு சொன்னியள். அவையின்ர பேர் என்ன?"

தவராசாவுக்குத் தெரியவில்லை. தேத்தண்ணிக் கடையில் எத்தனையோ கேட்டவர், அதைக் கேட்கவில்லை.

அவள் பெயரைச் சொல்லவில்லை. பாத்தி முடியும்வரை வேலை செய்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு மூன்று கோப்பையில் பிளேன்ரீ கொண்டுவந்தாள்.

"அந்த ஓட்டையைப் பூச எனக்குத் தெரியாம இல்லை" என்றாள். "காத்து வருது, விட்டிருக்கிறன். நான் இஞ்ச சமைக்கிறன், தின்னுறன், படுத்து எழும்பிறன். ரோட்டில நிண்டு பாக்கிற ஆக்களுக்கு ஷெல் மட்டுந்தான் தெரியுது. நான் தெரியேல்லை."

ரீச்சர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"நாங்கள் இனி இந்தப் பக்கம் வரேல்லை, பரமேசு. வேற பாதை பாக்கிறம்."

தவராசா திடுக்கிட்டார். லொறி ஓடுகிற ரோட்டை விட்டால் வேறு பாதை இல்லை என்பது ரீச்சருக்குத் தெரியும்.

பரமேசு கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வர வேண்டாம் எண்டு நான் சொன்னனானோ?" என்றாள். "வரட்டும். ரோட்டில நிண்டு பாக்கக் கூடாது. படலையைத் திறந்துகொண்டு உள்ளுக்கு வரட்டும். என்ன சொல்லுறது எண்டு நான் பாத்துக்கொள்ளுறன்."

பனங்குற்றியை உருட்ட அயல்வீட்டுப் பெடியள் இருவர் வந்தார்கள். ஓரத்தில் தள்ளிவிடுவோம் என்றார்கள். பரமேசு விடவில்லை. உள்ளே உருட்டச் சொல்லி, வேம்புக்குக் கீழே போடுவித்தாள்.

"வாறவை இருக்கிறதுக்கு என்னட்டைக் கதிரை இல்லை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள். ரீச்சர் படலையடியில் எல்லாரையும் இறக்கினார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்ப் பனங்குற்றியில் வரிசையாக இருந்தார்கள். பரமேசு அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். சம்பல் உறைத்தது. வந்தவர்கள் ஊதி ஊதித் தின்றார்கள்.

ஒருவர் சுவரைக் காட்டி மெதுவாகக் கேட்டார். "அக்கா, அது...?"

"ஷெல் விழுந்தது" என்றாள் பரமேசு. "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

மிச்சத்தைச் சொல்ல வந்த வாயைத் தவராசா அடக்கிக்கொண்டார்.

ஒரு இளம் பெண்பிள்ளை தண்ணீர் கேட்டது. கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை. நிலூஷா என்று பெயர். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும். பரமேசு அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாளியால் அள்ளி ஊற்றினாள்.

"நல்ல தண்ணி, அக்கா. இனிப்பு."

"இவர் வெட்டின கிணறு. மயில்வாகனம். என்ர மனுசன்." பரமேசு வாளியைக் கீழே வைத்தாள். "மண் அள்ளினது எங்கட மகன். கவியழகன். அள்ளினதை விடச் சேத்துக்குள்ள விளையாடினதுதான் கூட."

நிலூஷா தண்ணீர் குடித்த கையைத் துடைக்காமல் நின்றாள். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு பாத்தியைக் காட்டினாள்.

"இது என்ன, அக்கா?"

"கச்சான்."

"எப்போ எடுப்பீங்க?"

"பிடுங்க இன்னும் நாள் கிடக்கு. ஏன், வரப்போறியோ? குனிஞ்சு நிண்டால் முதுகு முறியும்."

"வரலாமா?"

பரமேசு சிரித்தாள். பற்கள் தெரியச் சிரித்தாள். "தைப்பொங்கல் கழியட்டும். வா" என்றாள். பனங்குற்றியில் இருந்த இன்னும் இரண்டு பேர், நாங்களும் வரலாமா என்று கேட்டார்கள். அந்தச் சொல் மறந்துவிடாமல் இருக்க, சைக்கிளில் ஏறும்வரை நிலூஷா "கச்சான், கச்சான்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

திரும்புகிற வழியில் குளக்கட்டில் காற்று எதிர்த்து அடித்தது. தவராசா மிதித்து மிதித்து ரீச்சருக்குப் பக்கத்தில் வந்தார்.

"ரீச்சர், ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ, அண்ணை."

"அவ நல்ல மனுசி. அதில ஒண்டுமில்லை. ஆனா அந்த வளவில நடந்ததை ஆரும் அறியாமப் போகினம். கிழங்கு திண்டிச்சினம், தண்ணி குடிச்சினம், போகினம். எவ்வளவு பெரிய விசயம். இவைக்கு ஒண்டுமே தெரியாதே."

ரீச்சர் மிதித்துக்கொண்டே சொன்னார்.

"அண்டைக்கு வந்தவைக்கு நீங்கள் எல்லாம் சொன்னனீங்கள்."

"ஓம்."

"அதில ஆராவது, திரும்பி எப்ப வாறது எண்டு கேட்டவையோ?"

தவராசா பெடலை மிதிக்க மறந்தார். சைக்கிள் கட்டுச் சரிவில் தன்பாட்டில் உருண்டது.