நாச்சிமுத்து பிழிந்த ஃபில்டர்

நெகமம் நாச்சிமுத்து சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு, மீதிப் பாதியையும் நம்பாமல் கேட்டால் பொழுது நன்றாகவே போகும். ஆனால் அன்றைக்கு அவர் பொழுதுபோக்குக்காகப் புளுகவில்லை, பாவம். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் புளுகினார்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தரிசுக் காட்டில் மண்மேடு போட்டு டர்ட் பைக் பந்தயம். முதல் சுற்றில் ஜெயித்த மைதிலியின் வண்டி செம்மண்ணை மூக்கு முட்டக் குடித்திருந்தது. இறுதிச் சுற்றுக்கு அரை மணி நேரம் இருந்தது. "ஏர் ஃபில்டரை நான் கழுவித் தர்றேன், நீ செத்த நேரம் உக்காரு அம்முணி" என்று அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டவர் நாச்சிமுத்துதான். இருபது வருஷமாக மொபெட்டுகளுக்கு வைத்தியம் பார்த்த மனுஷன், டர்ட் பைக்கைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை. இந்தப் பெண் ஜெயித்துவிட்டால் சுற்றுவட்டார ரேஸ் வண்டி எல்லாம் தன் பட்டறைக்குத்தான் வரும் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

அந்த ஃபில்டர் வெறும் ஸ்பாஞ்சு. மண்ணெண்ணெயில் நனைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பூப்போல அமுக்கவேண்டும். நாச்சிமுத்து அதை ஈர வேட்டியைப் பிழிகிற மாதிரி ஒரே முறுக்காக முறுக்கினார். ஒட்டுப் போட்ட இடம் சொல்லாமல் கொள்ளாமல் பிளந்துகொண்டது. உள்ளே நாலு விரலை விடலாம். அதை அப்படியே மாட்டினால் மண் நேராக இன்ஜினுக்குள் போகும், வண்டி பாதிச் சுற்றிலேயே படுத்துவிடும்.

நல்லவேளை, மைதிலி முதுகைக் காட்டி உட்கார்ந்து, சீட்டுக்கடியில் ஃபில்டர் இருந்த பெட்டியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கையை ஃபில்டரோடு மண்ணெண்ணெய் வாளிக்குள் அமுக்கினார். பந்தயப் பாதைக்குத் தண்ணீர் அடிக்க வந்த டேங்கர் டிரைவர் ஆறுச்சாமி மட்டும் வாளியை எட்டிப் பார்த்தான்.

"ஏப்பா நாச்சி, இன்னுமா கழுவறே?"

"கழுவறதுன்னா லேசா போச்சா உனக்கு? போன சித்திரையில தாராபுரத்துக்காரன் ஒருத்தன் வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தான். ஃபில்டரைக் கழட்டி ஒரே தட்டுத் தட்டுனேன். கொட்டுன மண்ணு மூணு டிராக்டர் லோடு!"

"அத்தன மண்ண வெச்சுக்கிட்டு வண்டி எப்பிடிய்யா ஓடும்?"

"ஓடாமத்தான தள்ளிக்கிட்டு வந்தான்னு சொல்றேன்! அந்த மண்ணப் பட்டறைக்குப் பின்னால கொட்டி நிலக்கடலை போட்டேன். ஏழு மூட்டை கண்டுது. அதப் பாத்துட்டு அந்தத் தாராபுரத்தான், மண்ணு என்னுது, அதனால நெலமும் என்னுதுன்னு கேஸ் போட்டுட்டான். இன்னும் வாய்தாவுக்குப் போயிட்டு வந்துட்டுதான் இருக்கறேன்."

வாளிக்குள் அவர் விரல்கள் கிழிந்த இரண்டு ஓரத்தையும் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தன. சேர்ந்தால்தானே! மைக்கில் "இன்னும் பதினஞ்சு நிமிஷம்" என்றார்கள். நாச்சிமுத்து குரலை உயர்த்தினார்.

"அதாவது பரவால்ல. உடுமலைக்காரனுக்கு ஒண்ணு சுத்தம் பண்ணி மாட்டுனேன் பாரு, அதுதான் என்ற கைவேலை. ஒரு உதை உதைச்சான். வண்டி இழுத்த இழுப்புல, கொடியில காஞ்ச துணி எல்லாம் வந்து ஒட்டிக்கிச்சு. ரெண்டாவது உதைக்குப் பாலக்காட்டுக் கணவாயில வர்ற காத்து மொத்தமும் உள்ள போயிருச்சு. உடுமலைல இருந்து பல்லடம் வரைக்கும் கரண்ட் எடுக்கற காத்தாடி ஒண்ணுகூடச் சுத்தல! கரண்ட் ஆபீஸ்காரங்க என்ற கால்ல விழாத கொறைதான்."

"காத்து பூராம் வண்டி குடிச்சுட்டா, ஓட்டுனவன் எப்பிடி மூச்சு விட்டான்?"

"ஹெல்மெட்டுக்குள்ள கொஞ்சம் மிச்சமிருந்துது."

"அட!"

"கேளு. காத்தோட மேகமும் உள்ள போயிருச்சு. பாலக்காட்டுல மழை எங்கடான்னு தேடறாங்க, இங்க சைலன்சர் வழியா ஊத்துது. ரெண்டு குளம் ரொம்பிக் கடைமடை பாஞ்சுது."

"அப்பறம் எதுக்குய்யா என்ற டேங்கருக்கு வாடகை குடுத்துக் கூப்புட்டிருக்காங்க? அந்த சைலன்சரையே கூப்புட்டிருக்கலாமே!"

மைதிலி திரும்பாமலே கேட்டாள்: "நாச்சிண்ணா, ஃபில்டர் ஆச்சுங்களா?"

அவருக்கு வெட்கமாகவே இருந்தது. நம்பிக் கொடுத்த பெண் அது. 'பிழிஞ்சு கிழிச்சுட்டேன் அம்முணி' என்று மூன்று வார்த்தை சொன்னால் முடிந்தது. மூன்று வார்த்தையும் தொண்டை வரைக்கும் வந்தன. ஆனால் நாற்பத்தாறு வருஷமாக உண்மை போய்ப் பழகாத பாதை அது. ஆகவே வேறொன்று வந்தது.

"இந்த மைதானத்துக்கு ஃபில்டரே வேண்டாம் அம்முணி!" என்றார், ஈரக் கையைத் தலைக்கு மேலே தூக்கி. "ஃபில்டரைக் கழுவி எத்தன நேரம் தாங்கும்? மறுபடி அழுக்காகும், மறுபடி கழுவோணும். அதான் வெடியால நாலு மணிக்கே வந்து, இங்கிருக்கற காத்தையே கழுவிப்போட்டேன்! பொள்ளாச்சி ரோட்டுல இருந்து அந்தப் பனைமரம் வரைக்கும், மூணு தண்ணி மாத்தி!"

ஆறுச்சாமி வாயைப் பிளந்தவன் மூடவில்லை. மைதிலி எழுந்து, சீட்டை மாட்டித் திருகாணியை இறுக்கி, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஒரே உதை உதைத்தாள். வண்டி சுத்தமாக உறுமியது.

"நீங்க பிழியும்போதே திரும்பிப் பாத்துட்டேனுங்கண்ணா. எண்ணெய் தடவுன புது ஃபில்டர் எப்பவும் என்ற பையில இருக்கும், மாட்டிப் பத்து நிமிஷமாச்சு" என்றாள். "நீங்க கழுவுன காத்த மட்டும் வெயில்ல போடாதீங்க. நெழல்ல காயப் போடுங்க."