வண்டி வீடு

"அம்மா, நான் யாருக்கும் வேண்டாதவனாப் போயிட்டேன்."

மங்களநாயகி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உக்காருங்க ஐயா. யாருக்கும்னா, யாருக்கு?"

"பெத்த மகளுக்கே."

அம்மா இன்னொரு கட்டைப் பிரித்தார்.

தில்லைநாயகம் உட்கார்ந்தார். வயதில் அம்மாவைவிட மூத்தவர். ஆனாலும் ஆற்றோரத்து மடத்தில் எல்லாருக்கும் அவர் அம்மாதான்.

தில்லைநாயகத்துக்கு ஊரில் வீடு இருந்தது. மனைவி போன பிறகு அதற்குள் இருக்க முடியவில்லை. ஒரு பழைய வேனை வாங்கினார். உள்ளே கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், சின்னதாக ஒரு ஃப்ரிட்ஜ், சாமி படம். கோயில் கோயிலாகப் போனார். போன இடத்தில் யாரையாவது கேட்டு, நீள ஒயர் இழுத்துக் கரண்ட் எடுத்துக்கொள்வார். கதவைச் சாத்தினால் அவரும் ஃப்ரிட்ஜின் முனகலும்தான். சில நாள் அந்த முனகலுக்கு "உம்" கொட்டிக்கொண்டே தூங்கிப்போவார்.

இப்போது வண்டி மடத்து மரத்தடியில் நின்றது. ஒயர் மோட்டார் ரூமுக்குள் போனது. விட்டு விட்டு மழை.

"மக என்ன செஞ்சா?" என்று கேட்டார் அம்மா.

"போன ஐப்பசியில, கடற்கரைப் பக்கம் வண்டியை நிறுத்தியிருந்தேன். உமையாள் பஸ் ஏறிப் பாக்க வந்தா. நான் பாயசம் வச்சுட்டு, வாசல்ல நின்னு வழி பாத்துக்கிட்டிருக்கேன். படிகிட்ட வந்தவ கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சா. தேள் கொட்டின மாதிரிக் கையை உதறிட்டுப் பின்னால போயிட்டா. 'அப்பா, வண்டி கடிக்குது'ங்கிறா."

"ம்."

"நானும் அதே கம்பியைப் பிடிச்சுக் காட்டினேன். எனக்கு ஒண்ணுமே இல்லை. 'வரப் புடிக்கலைன்னா சொல்லிட்டுப் போ, எதுக்கு நடிக்கிறே'ன்னு கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. கொண்டுவந்த பையைக் கீழ வச்சா. போயிட்டா. அப்புறம் ஒரு போன் கிடையாது."

"நீங்க பண்ணலாமே."

"தப்பு யார் மேலம்மா?"



அடுப்படியிலிருந்து பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். மடத்துக்குச் சமைப்பவள். தில்லைநாயகத்துக்குத் தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவளும் அவள்தான்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்க வண்டி என்னையும்தான் கடிச்சுது."

"என்னது?"

"வந்த அன்னைக்கே. அதான் தூக்கைக் கல்லு மேல வச்சுட்டு ஒரே ஓட்டமா ஓடியாறேன். நம்ம நாய்கூட அந்தப் பக்கம் போறதில்லை, பாத்தீங்களா? அதுக்கு இருக்கிற புத்தி எனக்கு லேட்டாத்தான் வந்துச்சு."

தில்லைநாயகத்தின் முகம் சிவந்தது.

"கேட்டீங்களாம்மா? வந்த இடத்துலயும் இதே பேச்சு. என்கூட ரெண்டு வார்த்தை பேச ஒரு சீவன் இல்லை. போதும். நான் இன்னைக்கே கிளம்புறேன்."

"கிளம்பலாம்," என்றார் அம்மா. முறத்தைக் கீழே வைத்தார். "வாங்க, வண்டிகிட்ட வந்து வழியனுப்புறேன்."

போகிற வழியில் மோட்டார் ரூமில் நுழைந்து ஒரு டெஸ்டரை எடுத்துக்கொண்டார். செருப்பு போட்டிருந்தார். வேனைக் கையால் தொடவில்லை. டெஸ்டரின் நுனியைக் கைப்பிடிக் கம்பியில் வைத்தார்.

டெஸ்டருக்குள் குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது.

கதவுத் தகரத்தில் வைத்தார். எரிந்தது. பம்பரில் வைத்தார். எரிந்தது.

"அம்மாடி! மொத்த வண்டியுமா?" என்றாள் பேச்சியம்மாள்.

அம்மா மோட்டார் ரூமுக்குத் திரும்பிப் போய் ஸ்விட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கி அவரிடம் நீட்டினார்.

கீழே மெலிசாக இரண்டு பின். மேலே தடியான பின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொட்டை.

"இது எங்கே?"

"அதுவா? ஒரு சத்திரத்துல ரெண்டு ஓட்டைதான் இருந்துச்சு. சொருக முடியலை. ஒடிச்சுப் போட்டேன். அதுல கரண்டே வராதும்மா. சும்மா இருக்கிற பின்."

"சும்மாதான் இருக்கும். எல்லாம் நல்லா இருக்கிற வரைக்கும்."

அவர் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள ஏதோ ஒரு ஒயர் நைஞ்சு தகரத்துல படுது," என்றார் அம்மா. "இந்தப் பின் இருந்திருந்தா அது நேரா மண்ணுக்குப் போயிருக்கும். இது இல்லை. யார் வந்து தொடுறாங்களோ, அவங்க வழியாப் போகுது."

"அப்ப எனக்கு ஏன் அடிக்கலை? நாள் பூரா உள்ள இருக்கிறது நான்தானே?"

"உள்ள இருக்கிறவருக்குத் தெரியாது. ரப்பர் செருப்போட ஏறுறீங்க. ரப்பர் செருப்போட இறங்குறீங்க. கீழ ஈர மண்ணுல வெறுங்காலோட நின்னு தொடுறவங்களுக்குத்தான் தெரியும்."

தில்லைநாயகம் பேச்சியம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் உள்ளங்கையை மடக்கிச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"டவுன்லேருந்து கரண்ட்காரர் வந்து பாக்கட்டும்," என்றார் அம்மா. "அதுவரைக்கும் இதை எங்கயும் சொருகாதீங்க. இது உயிரையே எடுத்துடும் ஐயா. அன்னைக்கு உங்க மகளை ஆண்டவன்தான் காப்பாத்தினான்."

அவர் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

சுருட்டிக்கொண்டே பேசினார். பேச்சில் இன்னும் கொஞ்சம் பழைய முரண்டு இருந்தது.

"சரிம்மா. அடிச்சது நிஜம். எனக்குத் தெரியலை, ஒத்துக்கிறேன். ஆனாலும் என் வண்டின்னா அவளுக்கு எளக்காரம்தான். என்னோட இந்தப் பொழப்பை அவ ஒரு குடித்தனமாவே நெனைக்கலை. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

அம்மா தூறலில் நனைந்துகொண்டு நின்றார்.

"அன்னைக்கு அங்கயும் மழையா?"

"நல்ல மழை. படிகிட்ட ஒரே சேறு."

"உமையாள் கால்ல செருப்பு?"

"போட்டுக்கிட்டுதான் வந்தா. படிகிட்டக் கழட்டி ஓரமா வச்சுட்டு, அந்தச் சேத்துலயே வெறுங்காலோட நின்னா."

"ஏன் கழட்டினா?"

"என்னம்மா கேள்வி இது? வீட்டுக்குள்ள வர்றப்ப யாராவது..."

தில்லைநாயகம் அப்படியே நின்றார்.