முதுகுப் பக்கத்து மடல்

செவிலியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் இன்பவல்லிக்கு நுரையீரல் தலைகீழ்ப் பாடம். வலது பக்கம் மூன்று மடல், இடது பக்கம் இரண்டு, மொத்தம் முப்பது கோடி காற்றுப் பைகள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கலர் சாக்பீஸில் அவள் வரைந்த படத்தை ஒரு வாரமாக வகுப்பில் யாரும் அழிக்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும், அவ்வளவு படித்த பிள்ளைக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

ஒரு நாள் காலை வார்டில் ஆசிரியை பெலிசிட்டாவிடம் கேட்டாள்.

“மேடம், நுரையீரல்ல நான் படிக்க இன்னும் என்ன பாக்கி இருக்கு?”

பெலிசிட்டா கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

“ஏழாம் பெட் அண்ணாச்சிக்கு நெஞ்சைக் கேட்டுட்டு வா. பத்து மணிக்கு அவரை வீட்டுக்கு அனுப்புறாங்க.”

ஏழாம் கட்டிலில் செல்லப்பாண்டி. அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். லாரியிலிருந்து விழுந்து வலது விலாவில் இரண்டு எலும்பு விரிசல். நாலு நாளாக மல்லாந்தே கிடந்தார். அவர் மனைவி பாயைச் சுருட்டி, பிளாஸ்க்கைப் பையில் வைத்து, புறப்படத் தயாராக நின்றாள்.

இன்பவல்லி போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“சுத்தமா இருக்கு மேடம். ரெண்டு பக்கமும் காத்து நல்லாப் போகுது.”

“கீழ் மடல்?”

“அதுவும் சுத்தம்.”

“கீழ் மடல் எந்தப் பக்கம் இருக்கு?”

“பெரும்பகுதி முதுகுப் பக்கம்.”

பதில் சட்டென்று வந்துவிட்டது. வந்த பிறகு முகம் சுண்டிப்போனது.

பெலிசிட்டா எழுந்து ஏழாம் கட்டிலுக்கு நடந்தார்.

“அண்ணாச்சி, உங்களை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கப் போறோம். வலிக்கும். இந்தத் தலையணையை விலாவோட அணைச்சுப் பிடிச்சுக்கோங்க.”

“வேண்டாம் சிஸ்டர், உசிரு போயிரும்.”

“போகாது. நான் பிடிச்சிருக்கேன்.”

இருவருமாகத் திருப்பினார்கள். செல்லப்பாண்டி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இன்பவல்லி வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொன்னாள். ஒரு முறை கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள்.

“என்ன கேக்குது?” என்றார் பெலிசிட்டா.

“சொல்லத் தெரியல மேடம். என்னமோ நொறநொறன்னு...”

பெலிசிட்டா அவள் காதிலிருந்து குழாயை எடுத்துவிட்டார். காதோரம் தொங்கிய அவளுடைய முடியில் சிலவற்றை இரு விரலால் பிடித்து, காதருகே உரசினார்.

“இப்படியா?”

“இப்படியேதான்.”

“டாக்டரைக் கூப்பிடு.”

டாக்டர் வந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது கீழ் மடலில் சளி கட்டி நிமோனியா தொடங்கியிருந்தது. வீட்டுக்கு அனுப்புவது நின்றது. செல்லப்பாண்டியின் மனைவி பாயை மறுபடியும் விரித்தாள்.

“வீட்டுல வச்சு இது முத்திருந்தா நான் என்ன பண்ணிருப்பேன்?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

இன்பவல்லியால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவில் ஆசிரியையைப் பிடித்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“முதுகுலதான் கேக்கணும்னு எனக்குத் தெரியும் மேடம். சத்தியமா மறக்கல. தொட்டதுமே முனகினார். பாவமா இருந்துச்சு. அவருக்கு வலிக்கக் கூடாதேன்னுதான் திருப்பல.”

பெலிசிட்டா ஸ்டெதஸ்கோப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவள் கழுத்திலேயே அதை மாட்டிவிட்டார்.

“அவருக்கு வலிக்கக் கூடாதுன்னு ஆறு மணிக்கே ஊசி போட்டாச்சு, இன்பா. உனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் நீ அவரைத் திருப்பல.”