காலை உடைத்துக்கொள் என்று வாழ்த்தும் நாடு

அந்தக் காலத்தில், மிருகங்களுக்கும் பேச்சு இருந்தபோது, ஆங்கிலம் பேசும் குளிர்நாட்டில் ஒரு கூத்துக் கொட்டகை இருந்தது. அதன் மேடைக்கு அடியில் ஒரு கிழட்டுப் பூனை குடியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. பலகை இடுக்கு வழியாகக் குரல் மட்டும் மெத்தென்று வரும்.

அதற்கு மீனும் வேண்டாம், எலியும் வேண்டாம். மேடை ஏறுகிறவர்களுக்குச் சொல்லும் வாழ்த்தைத்தான் தின்னும். வாழ்த்தில் என்ன இருக்கிறதோ அது அந்த ஆளை விட்டுப் போய்விடும். “நல்லா பாடு” என்று மனைவி சொல்லி அனுப்பிய ஹம்ஃப்ரி என்ற பாடகன் மேடையில் வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. அதற்கப்புறம் பெற்ற குழந்தையைக்கூட அவனால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. சரி, வாழ்த்தாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. வாழ்த்தில்லாமல் ஏறிய ஒருத்தி இறங்கவே இல்லை. அவள் செருப்பு மட்டும் மேடையில் கிடந்தது.

பனி விலக வேண்டுமானால் வருஷத்துக்கு ஒருவர் அங்கே ஆடியோ பாடியோ ஆக வேண்டும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அந்த வருஷம் குலுக்கிய சீட்டு மேபல் என்ற பெண்ணுக்கு விழுந்தது. அவள் அம்மா எடித் மகளைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

“காய்ச்சல்னு சொல்லிடலாம்டி.”

“சொன்னா பக்கத்து வீட்டுப் பொண்ணை ஏத்துவாங்க. அவளுக்கும் அம்மா இருக்காம்மா.”

மேடைப் படியில் எடித் மகளின் செருப்பு வாரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். கீழேயிருந்து குரல் வந்தது.

“என்னம்மா, பொண்ணுக்கு ஒண்ணும் சொல்லலையா? பசிக்குது.”

‘நல்லா ஆடு’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எடித் விழுங்கினாள். சொன்னதைத்தானே இது தின்கிறது? அப்படியானால் அவளை விட்டுப் போகவேண்டிய கெட்டதைச் சொன்னால் என்ன? மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“போ. போய் உன் காலை உடைச்சுக்கோ.”

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேபல் அம்மாவின் கையை விலக்கினாள். ஆனாலும் ஏறினாள்.

பலகைக்கு அடியில் நக்கும் சத்தம் கேட்டது. பிறகு எலும்பைக் கடித்து முறிக்கிற சத்தம். ஆட்டம் முடியும்வரை அது நிற்கவில்லை.

“கசக்குதே,” என்றது பூனை.

மேபல் இரண்டு காலோடும் இறங்கி வந்தாள். “ஏம்மா அப்படிச் சொன்னே?”

எடித் அவள் வாயைப் பொத்தினாள். “கேக்காதே. அதுக்குக் காது இருக்கு. சூட்சுமம் தெரிஞ்சா நாளைக்கு வேற மாதிரி தின்னும்.”

அந்த நாளிலிருந்துதான் அந்த நாட்டுக்காரர்கள் மேடை ஏறுகிறவர்களை “பிரேக் எ லெக்” என்று காலை உடைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறார்கள். அவர்கள் பாஷையைப் படிக்கப் போகும் நம்மவர்கள் அரண்டுபோய் ஏன் என்று கேட்டால், யாருக்குத் தெரியும் என்று சிரித்துவிட்டு, காலுக்குக் கீழே ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள்.