உப்புவெளிக்கு அப்பால் நாற்பது கல்

ஒரு பாலைவனத்தில் ஓர் ஆறும் ஒரு நெடுஞ்சாலையும் அருகருகே கிடந்தன. பாலைக்கு உரியது பிரிவு என்று நம் முன்னோர் வகுத்துவைத்தார்கள். அங்கே ஒருநாள் தார் ஊற்றுவார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆறுதான் மூத்தது. மழை பெய்தால் சில நாள் மேலே ஓடும். மற்ற நாளெல்லாம் மணலுக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருக்கும். குன்றுகளுக்கிடையே எங்கே வழி விடும், எங்கே விடாது என்பதை முட்டி மோதிக் கண்டுபிடித்தது அதுதான். பின்னால் வந்த அளவைக்காரர்கள் அதன் கரையோரமாகவே முளைக்குச்சி அடித்துக்கொண்டு போனார்கள். ஆறு வளைந்த இடத்திலெல்லாம் சாலையும் வளைந்தது.

இந்தச் சேர்க்கை உப்புவெளி வரைக்கும்தான். ஆறு அங்கே மணலில் மடிந்துவிடும். சாலை இன்னும் நாற்பது கல் போய்க் கடலோரத்தில் முடியும்.

"என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். உப்புவெளியில் உதறிவிட்டுப் போய்விட்டாய்," என்றது ஆறு.

"திட்டத்தில் அப்படித்தான் இருந்தது," என்றது சாலை. எதையும் அளந்து சொல்லியே அதற்குப் பழக்கம்.

"கடல் எப்படி இருக்கும்?"

"என் கடைசிக் கல்லிலிருந்து பதினோரு மீட்டரில், பதினாறு படிகளுக்குக் கீழே."

"நான் அதைக் கேட்கவில்லை."

"வேறு என்ன கேட்க இருக்கிறது?"

"என்னில் ஒரு கையளவாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடேன்," என்றது ஆறு.

"நான் எதையும் சுமப்பதில்லை. என்மேல் போகிறவர்கள் சுமக்கிறார்கள். தவிர, தண்ணீர் எனக்கு ஆகாது. நின்றால் பள்ளம் பறித்துவிடும். அதற்காகத்தான் நடுமுதுகைத் தூக்கி, ஓரத்தைச் சரித்து என்னைப் போட்டிருக்கிறார்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தள்ளிவிடுவேன்."

ஒரு சித்திரை நண்பகலில், துறைமுகத்துக்குப் போகிற நாமக்கல் லாரி ஒன்று ஆவி கக்கிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்த செங்கோடனும் மாற்று ஓட்டுநர் சடையப்பனும் இறங்கினார்கள்.

"குடிக்க வெச்சிருந்த தண்ணியும் தீந்துபோச்சுங்கண்ணா," என்றான் சடையப்பன்.

"பக்கத்துல ஆறு இருக்குதில்ல?"

"அது வெறும் மணலுங்க."

"காவேரி காஞ்ச வருசம் நீ மழைத்தண்ணியா குடிச்சே? வா, தோண்டு."

இருவரும் ஆற்றின் நடுவில் முழங்கை ஆழத்துக்குப் பறித்தார்கள். ஊற்று மெல்லக் கசிந்தது. சடையப்பன் ஒரு வாய் அள்ளி, உடனே துப்பினான்.

"தூ! கடல்தண்ணியாட்டம் கரிக்குது!"

"என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று ஆறு பதறியது.

"நீ கடல் மாதிரி இருக்கிறாயாம்," என்றது சாலை. "அளவைப் பார்த்தால் அது தவறு."

"நீ குடிக்கவா போறே? வண்டிதானே குடிக்கப் போகுது. ரேடியேட்டர்ல ஊத்து," என்றான் செங்கோடன்.

லாரி கிளம்பியது. "எங்கே போகிறது? இப்போது எங்கே?" என்று ஆறு கேட்டுக்கொண்டே இருந்தது. சாலை ஒவ்வொரு கல்லாகச் சொல்லிவந்தது. உப்புவெளி தாண்டியது. முப்பது. இருபது. ஏழு. நடுவே, "கொதிக்கிறது, பாதி ஆவியாகிவிட்டது," என்றும் சொன்னது. அதற்கு மறைக்கத் தெரியாது.

மாலையில், சாலை முடிகிற இடத்தில், படிகளுக்கு மேலே லாரி நின்றது.

"அந்த உப்புத்தண்ணியத் தெறந்து உட்ருங்கண்ணா, ரேடியேட்டரத் தின்னுபோடும். இங்க நல்ல தண்ணி புடிச்சுக்கலாம்," என்றான் சடையப்பன்.

செங்கோடன் அடியில் குனிந்து குழாயைத் திறந்தான். துரு கலந்த தண்ணீர் சாலையின் நடுவில் கொட்டியது.

சாலையின் முதுகு எப்போதும்போல் தூக்கியே இருந்தது; ஓரம் சரிந்தே இருந்தது. தண்ணீர் நிற்கவில்லை. முதல் படியில் இறங்கியது. அடுத்த படியில் இறங்கியது.



"போய்ச் சேர்ந்ததா? எவ்வளவு?" என்றது ஆறு.

"அரைக்குடம் இருக்கும்." சாலை ஒன்றைக் குத்துமதிப்பாகச் சொன்னது அதுவே முதல் தடவை.

"கடல் என்ன சொன்னது?"

"ஒன்றும் சொல்லவில்லை," என்றது சாலை. "ஒரு படி ஏறி வந்து வாங்கிக்கொண்டது."